ஊழல் ஒழிப்பு அமைப்பை எப்படி அமைப்பது? நாடுகள் செய்த தேர்வுகள்: ஓர் ஒப்பீடு

ஊழலுக்கு எதிராகப் புதுச் சட்டம் வரும்போதெல்லாம் விவாதம் தண்டனையைச் சுற்றியே நடக்கிறது. ஏழு ஆண்டு போதுமா, பத்து ஆண்டு வேண்டுமா, ஆயுள் தண்டனையே தரலாமா என்று பேசிப் பேசியே நேரம் போய்விடுகிறது. பெரும்புள்ளிகள் தப்பிப்பது வேறு இடத்தில். விசாரணை தொடங்கவே அனுமதி கிடைக்காது. தொடங்கிவிட்டால் நடுவில் அதிகாரியை மாற்றிவிடுவார்கள். அதையும் தாண்டிக் கோப்பு தயாராகிவிட்டால், வழக்குத் தொடர வேண்டியவர் கையெழுத்துப் போட மாட்டார். இந்த மூன்று இடங்களையும் அடைக்காமல் தண்டனையை மட்டும் ஏற்றிக்கொண்டே போவதில் யாருக்கும் பயன் இல்லை.

ஐ.நா. ஊழல் எதிர்ப்பு உடன்படிக்கை 2003இல் ஏற்கப்பட்டு 2005 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஊழலைத் தடுக்கவும் விசாரிக்கவும் தலையீடு இல்லாத அமைப்புகள் வேண்டும் என்று அதன் 6ஆவது, 36ஆவது பிரிவுகள் சொல்கின்றன. பணச்சலவைக்கு, அதாவது குற்றத்தில் வந்த பணத்தை நல்ல பணம்போல மாற்றுவதற்கு எதிராக, 1989இல் ஜி7 நாடுகள் தொடங்கிய எஃப்ஏடிஎஃப் என்ற குழுவின் 40 பரிந்துரைகள் இருக்கின்றன. ஒவ்வொரு நாட்டிலும் சந்தேகத்துக்குரிய பணப் பரிவர்த்தனைகளை அலசும் ஒரு நிதிப் புலனாய்வுப் பிரிவு இருந்தாக வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. ஆனால் இந்த அமைப்புகள் யாருக்குக் கீழே இருக்க வேண்டும், தலைவரை யார் நியமிப்பது, யார் நீக்குவது என்பதெல்லாம் அந்தந்த நாட்டின் முடிவு. அந்த முடிவில்தான் நாடுகள் வெகுவாக வேறுபடுகின்றன.

இந்த ஒப்பீட்டுக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே ஒன்று: ஆட்சியில் இருப்பவர் நினைத்தால் இந்த அமைப்பை எந்த வழியில், எவ்வளவு எளிதாக நிறுத்த முடியும்? அதிகாரங்களின் பட்டியலைவிட இந்தக் கேள்விக்கான பதில்தான் ஓர் அமைப்பு பத்து ஆண்டு கழித்து எப்படி இருக்கும் என்பதைச் சொல்கிறது.

புது அமைப்பா, இருக்கும் துறைகளே போதுமா?

தனி அமைப்புக்கு எல்லோரும் காட்டும் உதாரணம் ஹாங்காங். 1973இல் பீட்டர் காட்பர் என்ற உயர் போலீஸ் அதிகாரியிடம் 43 லட்சம் ஹாங்காங் டாலருக்கு மேல் கணக்கில் வராத சொத்து இருப்பது தெரிந்தது. விசாரித்தது போலீஸின் சொந்த ஊழல் தடுப்புப் பிரிவு. விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே அவர் விமானம் ஏறி இங்கிலாந்துக்குப் போய்விட்டார். மக்கள் தெருவில் இறங்கினார்கள். 1974 பிப்ரவரியில் போலீஸுக்குச் சம்பந்தமே இல்லாத, ஆளுநரிடம் நேரடியாகப் பதில் சொல்லும் ஐசிஏசி பிறந்தது. மறு ஆண்டே காட்பர் திருப்பிக் கொண்டுவரப்பட்டுச் சிறைக்குப் போனார்.

விசாரணை, தடுப்பு, மக்கள் தொடர்பு என்ற மூன்று பிரிவுகள் அதற்கு இருந்தன. பிறகு ஐசிஏசியைப் பார்த்துத் தொடங்கிய பல நாடுகள் முதல் பிரிவை மட்டும் எடுத்துக்கொண்டன. அரசு அலுவலகங்களின் நடைமுறைகளை ஆராய்ந்து, லஞ்சம் கேட்க வழியில்லாதபடி மாற்றச் சொல்லும் இரண்டாவது பிரிவு செய்தியில் வராது. ஆனால் சாதாரண மனிதருக்கு அதிகம் உதவுவது அதுதான் என்று நான் நம்புகிறேன்.

ஹாங்காங் கதையில் பலரும் சொல்லாமல் விடும் பகுதி ஒன்று உண்டு. 1977 அக்டோபரில் போலீஸார் ஐசிஏசி அலுவலகத்துக்குள்ளேயே புகுந்து தாக்கினார்கள். ஆளுநர் மெக்லிஹோஸ் பணிந்து, அந்த ஆண்டு ஜனவரி 1க்கு முந்தைய குற்றங்களுக்குப் பெரும்பாலும் மன்னிப்பு அறிவித்தார். அன்று அது தோல்வி போலத் தெரிந்தது. ஆனால் அமைப்பு கலைக்கப்படவில்லை, அதன் சட்டமும் அப்படியே இருந்தது. பழைய கணக்கை விட்டுக்கொடுத்து, இனி வரும் கணக்கைக் காப்பாற்றிக்கொண்டார்கள். புதிதாகத் தொடங்கும் எந்த நாடும் இந்தச் சிக்கலைச் சந்தித்தே தீரும், அதனால் பழைய குற்றங்களை எங்கிருந்து எண்ணுவது என்பதைச் சட்டத்திலேயே முடிவு செய்துவிடுவது நல்லது.

சிங்கப்பூரின் ஊழல் விசாரணை அமைப்பான சிபிஐபி இன்னும் பழையது, 1952இல் தொடங்கியது. அதற்கும் காரணம் போலீஸ்தான்: முந்தைய ஆண்டு நடந்த அபின் கொள்ளையில் துப்பறிவாளர்களே சம்பந்தப்பட்டிருந்தார்கள். சிபிஐபி இன்று பிரதமர் அலுவலகத்தின் கீழ் இயங்குகிறது. பிரதமரையே விசாரிக்க வேண்டி வந்தால்? அதற்கு அரசியலமைப்பில் ஒரு பக்கவழி வைத்திருக்கிறார்கள்: பிரதமர் அனுமதி மறுத்தாலும், குடியரசுத் தலைவர் ஒப்புக்கொண்டால் இயக்குநர் விசாரணையைத் தொடரலாம். 2023இல் பதவியில் இருந்த போக்குவரத்து அமைச்சர் ஈஸ்வரன் கைது செய்யப்பட்டு, மறு ஆண்டு 12 மாதச் சிறைத் தண்டனை பெற்றார். அமைப்பு பிரதமருக்குக் கீழே இருந்தும் அங்கே வேலை நடக்கிறது. ஆனால் நீதிமன்றமும் நிர்வாகமும் ஏற்கெனவே ஒழுங்காக இருக்கும் ஒரு சிறு நாட்டின் வடிவம் இது. தலைவரின் மனப்பாங்கை நம்பி நிற்கும் இந்த ஏற்பாட்டைப் பெரிய நாடு ஒன்று அப்படியே எடுத்துக்கொண்டால் ஆபத்து.

தனி அமைப்பு வைத்தும் இழந்த நாடு தென்னாப்பிரிக்கா. ‘ஸ்கார்பியன்ஸ்’ என்று அழைக்கப்பட்ட சிறப்புப் பிரிவு போலீஸுக்கு வெளியே, அரசுத் தரப்பு வழக்கறிஞர் அமைப்புக்குள் இருந்தது. நாட்டின் போலீஸ் தலைவர் ஜாக்கி செலெபியையும், பின்னாளில் அதிபரான ஜேக்கப் ஜூமாவையும் விசாரித்தது. 2007 டிசம்பரில் ஆளுங்கட்சி மாநாடு அதைக் கலைக்கத் தீர்மானம் போட்டது. 2009இல் அது கலைக்கப்பட்டது. அதற்குப் பதிலாகப் போலீஸுக்குள் ‘ஹாக்ஸ்’ என்ற பிரிவு வந்தது. ஒரு தொழிலதிபர் தொடுத்த வழக்கில், ஹாக்ஸ் பிரிவுக்குப் போதிய சுதந்திரம் இல்லை என்று 2011இல் அரசியலமைப்பு நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அரசே கையெழுத்திட்ட பன்னாட்டு உடன்படிக்கைகளை அந்தத் தீர்ப்பு ஆதாரமாகக் காட்டியது. செலெபி தண்டிக்கப்பட்டார் என்பது உண்மை. ஆனால் அவரைப் பிடித்த அமைப்பு, தீர்ப்பு வருவதற்கு முன்பே இல்லாமல் போயிருந்தது. சாதாரணச் சட்டத்தால் பிறந்த அமைப்பை, சாதாரணப் பெரும்பான்மையால் கொன்றுவிடலாம். ஆகவே அரசியலமைப்பில் இடம் கொடுங்கள் என்பதுதான் இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் முதல் பரிந்துரை.

எதிர்ப்புறத்தில், பல துறைகள் சேர்ந்து செய்யும் ஏற்பாட்டுக்குப் பெரிய உதாரணம் இந்தியா. ஊழலுக்கு சிபிஐயும் மாநில லஞ்ச ஒழிப்புத் துறைகளும், பணச்சலவைக்கு அமலாக்கத்துறை, மேற்பார்வைக்கு மத்திய கண்காணிப்பு ஆணையம், இவற்றுக்கு மேல் லோக்பால். நிறுத்துவதற்கு ஒரே இடம் இல்லை என்பது இதன் பலம் போலத் தெரியும். நடைமுறையில் ஒவ்வொரு வாசலிலும் ஒரு பூட்டு இருக்கிறது. சிபிஐ 1946ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்குவதால், ஒரு மாநிலத்துக்குள் விசாரிக்க அந்த மாநிலத்தின் ஒப்புதல் வேண்டும். பல மாநிலங்கள் பொது ஒப்புதலைத் திரும்பப் பெற்றுவிட்டன, தமிழ்நாடு 2023 ஜூனில் அதைச் செய்தது. 2018இல் ஊழல் தடுப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 17ஏ பிரிவு, அதிகாரப்பூர்வ முடிவு ஒன்றைப் பற்றி விசாரிக்கவே முன் அனுமதி கேட்கிறது. லோக்பால் சட்டம் 2013இல் வந்தும் முதல் தலைவர் நியமிக்கப்பட்டது 2019 மார்ச்சில்தான். ஆள் போடாமல் விட்டாலே போதும், எந்தச் சட்டத்தையும் கலைக்க வேண்டிய தேவை இல்லை.

எல்லாவற்றையும் ஒன்றாக்கும் பாதையும் உண்டு. மொரிஷியஸ் 2024இல் தன் ஊழல் ஆணையம், சொத்து மீட்புப் பிரிவு, வருமானத்துக்கு மீறிய சொத்தை ஆராயும் அமைப்பு மூன்றையும் சேர்த்து ஒரே நிதிக்குற்ற ஆணையமாக்கியது. நிதிப் புலனாய்வுப் பிரிவை மட்டும் வெளியே வைத்தார்கள். சிறு நாட்டுக்கு இதில் செலவு மிச்சம், கோப்பு ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய்த் தொலையாது. ஆனால் தலைவர் பதவியை வசப்படுத்திக்கொண்டால் எல்லாமே வசப்படும். அந்த ஆபத்தை ஏற்கத் தயாரான நாடுதான் இந்த வழியில் போகலாம்.

விசாரிப்பவரே வழக்கும் தொடரலாமா?

என் பார்வையில் மற்ற எல்லாத் தேர்வுகளையும்விட இது முக்கியம். ஆனால் பொது விவாதத்தில் இது வருவதே இல்லை.

மலேசியாவை எடுத்துக்கொள்வோம். ஊழல் தடுப்பு ஆணையம் விசாரிக்கும், குற்றம் சாட்டுவதா என்பதை அரசின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரல் முடிவு செய்வார். 2015இல் பிரதமர் நஜீபின் சொந்தக் கணக்குக்கு 68 கோடி டாலருக்கு மேல் வந்தது அம்பலமானது. அந்த ஜூலையில் அட்டர்னி ஜெனரல் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். புதிதாக வந்தவர் 2016 ஜனவரியில், பிரதமர் குற்றம் எதுவும் செய்யவில்லை என்று அறிவித்து விசாரணையை முடித்தார். ஆணையத்தின் சட்டத்தில் ஒரு வரிகூட மாறவில்லை, ஒருவர் மாறியதே போதுமானதாக இருந்தது. 2018 தேர்தலில் ஆட்சி மாறிய பிறகுதான் வழக்குகள் வந்தன, அவற்றில் ஒன்றில் 2020இல் தண்டனை, 2022இல் சிறை. ஒரு தேர்தல் தோல்வி இல்லாமல் அந்தக் கோப்பு வெளியே வந்திருக்காது.

இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் இந்தோனேசியா 2002இல் கேபிகே என்ற ஆணையத்துக்கு இரண்டு அதிகாரத்தையும் சேர்த்துக் கொடுத்தது. விசாரிக்கலாம், தொலைபேசியை ஒட்டுக்கேட்கலாம், தானே வழக்குத் தொடரலாம். வழக்குகள் தனி ஊழல் நீதிமன்றத்துக்குப் போயின. எடுத்த வழக்கைக் கைவிடும் அதிகாரம் மட்டும் அதற்குக் கிடையாது. மிரட்டியோ பணம் கொடுத்தோ ஒரு வழக்கை மூட வைக்க முடியாது என்பதற்காகவே அப்படி எழுதினார்கள். அமைச்சர்கள், ஆளுநர்கள், கடைசியில் நாடாளுமன்றத் தலைவர் சேத்யா நோவாந்தோவரை சிறைக்குப் போனார்கள். அவருக்கு 2018இல் 15 ஆண்டுத் தண்டனை.

இவ்வளவு வலிமையான அமைப்புக்கு என்ன ஆனது? 2017இல் அதன் மூத்த விசாரணையாளர் நோவல் பஸ்வேடானின் முகத்தில் அமிலம் வீசினார்கள். 2019இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது: மேலே ஒரு கண்காணிப்பு வாரியம், ஊழியர்கள் எல்லோரும் அரசு ஊழியர்கள், வழக்கைக் கைவிடவும் அனுமதி. மாணவர்கள் நாடெங்கும் போராடியும் திருத்தம் நிற்கவில்லை. 2021இல் ஊழியர்களுக்கு ‘தேசப்பற்று அறிவு’ என்ற பெயரில் ஒரு தேர்வு வைத்தார்கள். அதில் தேறவில்லை என்று 57 பேரை வெளியேற்றினார்கள், நோவலும் அவர்களில் ஒருவர். இங்கேயும் ஆணையத்தை யாரும் கலைக்கவில்லை, ஊழியர்களின் பணி விதியை மாற்றியதே போதுமாயிற்று. தலைவரின் பதவிக்காலத்தை மட்டும் பாதுகாத்தால் போதாது, கீழே வேலை செய்பவர்களின் பணியையும் சட்டத்தால் காக்க வேண்டும்.

மூன்றாவது வழி, சிறப்பு அரசுத் தரப்பு வழக்கறிஞர் அமைப்பு. ருமேனியாவில் டிஎன்ஏ என்று அழைக்கப்படும் அப்படிப்பட்ட அமைப்பில் விசாரணையை நடத்துவதே வழக்கறிஞர்கள்தான். லாரா கோவெசி தலைமையில் 2013 முதல் 2018 வரை அது அமைச்சர்களையும் நாடாளுமன்ற உறுப்பினர்களையும் வரிசையாக நீதிமன்றத்தில் நிறுத்தியது. 2018 ஜூலையில் அவர் நீக்கப்பட்டார். அந்த நீக்கத்தை எதிர்த்து முறையிட நாட்டுக்குள் அவருக்கு வழியே தரப்படவில்லை என்று 2020இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் கண்டித்தது. அதற்குள் அவர் ஐரோப்பிய ஒன்றியத்தின் முதல் தலைமை வழக்கறிஞராக ஆகிவிட்டார். அவருக்கு அது நல்ல முடிவு. ருமேனியாவுக்கு அந்த வேகம் திரும்பக் கிடைக்கவில்லை.

இவற்றையெல்லாம் பார்த்துத் துண்டு துண்டாகச் சேர்த்துக் கட்டியது உக்ரைன். 2015 முதல் விசாரணைக்கு நாபு என்ற அமைப்பு, அதோடு இணைந்து இயங்கும் தனி வழக்கறிஞர் அலுவலகம். வழக்குகள் சாதாரண நீதிமன்றங்களில் போய்த் தேங்கியதால் 2019 செப்டம்பரில் ஊழலுக்கென்றே உயர் நீதிமன்றம். அதன் நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும்போது வெளிநாட்டு நிபுணர் குழு ஒன்றுக்கு, சந்தேகத்துக்குரிய பெயர்களைத் தடுக்கும் உரிமை தந்தார்கள். 2025 ஜூலை 22 அன்று, நாபுவையும் அந்த வழக்கறிஞர் அலுவலகத்தையும் தலைமை வழக்கறிஞரின் கட்டுப்பாட்டில் கொண்டுவரும் சட்டம் ஒரே நாளில் நிறைவேறிக் கையெழுத்தும் ஆனது. போர் நடக்கும் நாட்டில் மக்கள் தெருவுக்கு வந்தார்கள், ஐரோப்பிய ஒன்றியம் அழுத்தியது. ஜூலை 31 அன்று பழைய சுதந்திரம் திரும்பியது. விசாரணை, வழக்கு, தீர்ப்பு மூன்றும் ஒரே சங்கிலியாக இருந்ததால், ஒரு கண்ணியை அறுக்க வந்தபோது அது எல்லோர் கண்ணிலும் பட்டது. நீதிமன்றம் மெதுவாகவோ பயந்தோ இயங்கும் நாட்டுக்கு நான் பரிந்துரைப்பது இந்த வடிவத்தைத்தான். செலவும் உழைப்பும் அதிகம், ஆனாலும்.

வெளிநாட்டு உதவி என்றதும் குவாத்தமாலா நினைவுக்கு வரும். 2007இல் ஐ.நா. துணையோடு தொடங்கிய சிசிக் ஆணையம், உள்ளூர் வழக்கறிஞர்களோடு சேர்ந்து சுங்கத்துறை ஊழலைத் தோண்டியது. 2015இல் அதிபர் பெரெஸ் மோலினா பதவி விலகிச் சிறைக்குப் போனார். அடுத்து வந்த அதிபரின் குடும்பத்தையும் தேர்தல் நிதியையும் நோக்கி விசாரணை திரும்பியதும், ஒப்பந்தம் நீட்டிக்கப்படாமல் 2019இல் முடிந்துபோனது. அதோடு பணியாற்றிய வழக்கறிஞர்களும் நீதிபதிகளும் பலர் நாட்டை விட்டே போக வேண்டியதாயிற்று. வெளிநாட்டவரை விசாரணைக்கு அழைப்பதைவிட, உக்ரைன் செய்ததுபோல ஆளைத் தேர்ந்தெடுக்கும் மேசைக்கு மட்டும் அழைப்பது பாதுகாப்பானது. அவர்கள் போன பிறகும் நல்ல நீதிபதிகள் இருப்பார்கள்.

நிதிப் புலனாய்வுப் பிரிவு எங்கே இருக்க வேண்டும்?

வங்கிகள் அனுப்பும் சந்தேகப் பரிவர்த்தனை அறிக்கைகளை வாங்கி, அலசி, விசாரணை அமைப்புகளுக்குக் கொடுப்பது இந்தப் பிரிவின் வேலை. மத்திய வங்கிக்குள் வைக்கலாம், இலங்கை 2007 முதல் அப்படித்தான் வைத்திருக்கிறது. நிதி அமைச்சகத்தின் கீழ் வைக்கலாம், இந்தியா 2004இல் அதைத் தேர்ந்தது. குற்றப் புலனாய்வு அமைப்புக்குள் வைக்கலாம், பிரிட்டனில் அது தேசிய குற்ற முகமைக்குள் இருக்கிறது.

போலீஸ் வகை அமைப்புக்குள் வைத்தால் தகவல் உடனே விசாரணையாகும் என்பார்கள். நைஜீரியா அதைத்தான் செய்தது, பொருளாதாரக் குற்ற ஆணையமான இஎஃப்சிசிக்குள்ளேயே வைத்தது. இப்படிப்பட்ட பிரிவுகள் ரகசியத் தகவலைப் பரிமாறிக்கொள்ளும் உலகக் கூட்டமைப்பான எக்மான்ட் குழு, பிரிவுக்குச் சுதந்திரம் இல்லை, தகவலின் ரகசியம் காக்கப்படவில்லை என்ற கவலையில் 2017 ஜூலையில் நைஜீரியாவை இடைநிறுத்தியது. பணம் பெரும்பாலும் எல்லை தாண்டித்தான் போகிறது. வெளிநாட்டுப் பிரிவுகள் பேசாவிட்டால் உள்ளூர் விசாரணை அங்கேயே நின்றுவிடும். 2018இல் தனிச் சட்டம் போட்டுப் பிரித்த பிறகுதான் இடைநிறுத்தம் நீங்கியது.

ஜெர்மனி எதிர்த்திசையில் போய் அடிபட்டது. 2017இல் மத்தியப் போலீஸிடமிருந்து சுங்கத்துறைக்கு இந்தப் பிரிவை மாற்றினார்கள். போதிய ஆட்களும் கணினி அமைப்பும் இல்லாமல் அறிக்கைகள் மலையாகத் தேங்கின. 2021இல் அரசு வழக்கறிஞர்கள் நிதி அமைச்சகத்திலேயே சோதனை நடத்தும் அளவுக்குப் போனது. இடத்தை மாற்றுவதற்கு முன் ஆட்களைத் தயார் செய்ய வேண்டும் என்பதைத் தவிர இதில் பெரிய தத்துவம் இல்லை.

என் தேர்வு: மத்திய வங்கிக்குள்ளோ தனியாகவோ இருக்கட்டும். ஆனால் எந்த அறிக்கையை யாருக்கு அனுப்புவது என்ற முடிவு பிரிவின் தலைவருடையதாகவே இருக்க வேண்டும். அமைச்சரின் அறை வழியாக ஒரு கோப்பும் போகக் கூடாது.

சொத்தைப் பறிக்க, தண்டனை வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

இங்கே இரண்டு பாதை. குற்றவாளி என்று தீர்ப்பு வந்த பிறகே பறிமுதல் என்பது ஒன்று. ஆள் தண்டிக்கப்பட்டாலும் படாவிட்டாலும், சொத்து குற்றத்தில் வந்தது என்று சிவில் நீதிமன்றத்தில் காட்டினால் பறிமுதல் செய்யலாம் என்பது மற்றது.

முதல் பாதையில் காலம்தான் எதிரி. தமிழ் வாசகர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஜெயலலிதா சொத்துக்குவிப்பு வழக்கையே பாருங்கள். 1996இல் தொடங்கியது, 2003இல் வேறு மாநிலத்துக்கு மாறியது, 2014இல் தண்டனை, 2015இல் விடுதலை. 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் மற்றவர்களின் தண்டனையை உறுதி செய்தபோது அவர் உயிரோடு இல்லை. பறிமுதல் செய்யப்பட்ட நகைகள் தமிழ்நாடு அரசின் கைக்கு வந்தது 2025இல். ஏறக்குறைய முப்பது ஆண்டு.

இரண்டாவது பாதைக்கு பிலிப்பைன்ஸ் நல்ல சான்று. அதிபர் மார்கோஸ் 1986இல் நாட்டை விட்டு ஓடினார், 1989இல் இறந்தார். இறந்தவரைத் தண்டிக்க முடியாது. ஆனால் அங்கே 1955லிருந்தே ஒரு சட்டம் இருந்தது: அரசுப் பதவியில் இருப்பவரின் சொத்து அவருடைய முறையான வருமானத்துக்குப் பொருந்தாவிட்டால், அதைச் சிவில் வழக்கில் அரசு எடுத்துக்கொள்ளலாம். மார்கோஸ் தம்பதியின் முறையான வருமானம் சுமார் 3 லட்சத்து 4 ஆயிரம் டாலர் என்று கணக்கிட்டு, சுவிஸ் வங்கிகளில் இருந்து வந்த 65 கோடி டாலருக்கு மேற்பட்ட தொகையை 2003இல் உச்ச நீதிமன்றம் அரசுக்கு உரியதாக்கியது. அந்தப் பழைய சட்டம் இல்லாமல் இருந்திருந்தால் அந்தப் பணத்துக்கு வழியே இல்லை.

அயர்லாந்து 1996இல், செய்தியாளர் வெரோனிகா கெரின் சுட்டுக்கொல்லப்பட்ட பிறகு, போலீஸ், வரித்துறை, சமூகநலத்துறை அதிகாரிகளை ஒரே அலுவலகத்தில் உட்கார வைத்து இந்த வேலையைக் கொடுத்தது. சொத்தைப் பிடிக்க முடியாவிட்டால் வரியாவது வசூலிப்பார்கள். இன்றுவரை பல நாடுகளுக்கு அதுவே மாதிரி. 2023இல் எஃப்ஏடிஎஃப் தன் பரிந்துரைகளைத் திருத்தி, தண்டனை இல்லாத பறிமுதலுக்கும் நாடுகள் வழி வைக்க வேண்டும் என்று கேட்டுவிட்டது. ஆக, இனி இதைத் தள்ளிப்போட முடியாது.

பிரிட்டனின் அனுபவம் வேறொரு எச்சரிக்கை. ‘இந்தச் சொத்து எப்படி வந்தது, சொல்’ என்று உத்தரவிடும் அதிகாரம் 2018இல் நடைமுறைக்கு வந்தது. 2020இல் கசகஸ்தான் முன்னாள் அதிபரின் குடும்பத்தார் வைத்திருந்த லண்டன் வீடுகள் தொடர்பான மூன்று உத்தரவுகளை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. எதிர்த்தரப்பின் வழக்குச் செலவு சுமார் 15 லட்சம் பவுண்ட் அரசு முகமையின் தலையில் விழுந்தது. அதற்குப் பிறகு முகமை புது உத்தரவு கேட்கவே தயங்கியது. 2022இல் சட்டத்தைத் திருத்தி அந்தச் செலவுக்கு வரம்பு வைத்தார்கள். பணக்காரர் ஒருவரின் வழக்கறிஞர் கட்டணமே ஓர் அரசு அமைப்பை முடக்கும் ஆயுதமாகலாம். புதுச் சட்டம் எழுதுபவர்கள் இந்த ஓட்டையை முதல் வரைவிலேயே அடைக்க வேண்டும்.

இந்தியாவின் 2002ஆம் ஆண்டுப் பணச்சலவைத் தடுப்புச் சட்டம், 2005 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது, இரண்டையும் கலக்கிறது. சொத்தை விசாரணை நிலையிலேயே முடக்கலாம். ஆளையும் கைது செய்யலாம், பிணை கிடைப்பது மிகக் கடினம், நிரூபிக்கும் சுமையும் பெருமளவு குற்றம் சாட்டப்பட்டவர் மேல். 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இந்த அதிகாரங்களை ஏற்றுக்கொண்டது. இதற்கு இரண்டு பக்கமும் உண்டு. வங்கிகளுக்கும் ஏமாந்தவர்களுக்கும் 22,000 கோடி ரூபாய்க்கு மேல் திரும்பக் கிடைத்தது என்று 2024இல் அரசு சொன்னது, அது சிறிய தொகை இல்லை. இன்னொரு பக்கம், 2014 முதல் பத்து ஆண்டில் 5,000க்கும் மேற்பட்ட வழக்குகளில் 40இல் மட்டுமே தண்டனை என்றும் நாடாளுமன்றத்தில் அரசே சொன்னது. தீர்ப்புக்கு முன்பான சிறைவாசமே தண்டனையாகிவிட்டால், ஆட்சிக்கு வேண்டாதவர்கள் மேல் பாயும் கருவியாக எந்தச் சட்டமும் மாறலாம். எந்த நாட்டிலும், எந்தக் கட்சி ஆட்சியிலும்.

ஆகவே நான் கேட்பது: சொத்துக்குக் கடுமை, ஆளுக்கு நிதானம். சொத்தை உடனே முடக்குங்கள், விளக்கம் கேளுங்கள், சிவில் நீதிபதி முடிவு செய்யட்டும், தவறாக முடக்கினால் அரசு இழப்பீடு கொடுக்கட்டும். பிணைக்கு மட்டும் சாதாரண விதியே போதும். பணம் போய்விடும் என்ற அச்சத்துக்கு மருந்து முடக்கம்தான், சிறை அல்ல.

நிறுவனங்களின் உண்மையான உரிமையாளர் யார் என்ற பதிவேடு பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிரிட்டன் 2016இல் அதைப் பொதுமக்கள் பார்வைக்கே திறந்தது. ஐரோப்பிய ஒன்றியமும் அப்படியே செய்யச் சொன்னது, ஆனால் 2022 நவம்பரில் ஒன்றியத்தின் நீதிமன்றம் தனியுரிமையைக் காரணம் காட்டிப் பொதுப் பார்வையைத் தடுத்தது. அமெரிக்கா 2024இல் பதிவேட்டைத் தொடங்கி, 2025 மார்ச்சில் உள்நாட்டு நிறுவனங்களுக்கு விலக்குக் கொடுத்துவிட்டது. முழுதாகத் திறந்து வைப்பதே நல்லது. முடியாத இடத்தில் செய்தியாளர்களுக்கும் ஆய்வாளர்களுக்குமாவது கதவு திறந்திருக்க வேண்டும்.

அப்படியானால் எதைத் தேர்வது?

நீதிமன்றம் நம்பிக்கைக்குரியதாக இருக்கும் சிறு நாட்டுக்கு ஐசிஏசி மாதிரியே போதும். வழக்குத் தொடுக்கும் முடிவை வேறொருவரிடம் விடலாம், ஆனால் அவர் மறுத்தால் காரணத்தை எழுத்தில் வெளியிட வேண்டும், அதை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க வழி இருக்க வேண்டும். நீதிமன்றம் தேங்கிக் கிடக்கும் நாட்டுக்கு உக்ரைனின் மூன்று கண்ணிகளும் சேர்ந்தே வேண்டும். ஒன்றை மட்டும் கட்டினால் அடுத்த இடத்தில் அடைத்துக்கொள்ளும். மாநிலங்கள் உள்ள பெரிய நாடு இன்னொரு புது அமைப்பைச் சேர்ப்பதற்கு முன், ஏற்கெனவே உள்ள ஒப்புதல், முன் அனுமதி, காலிப் பதவி ஆகிய பூட்டுகளைக் கழற்றட்டும். பதவி காலியானால் இத்தனை நாளுக்குள் நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் உச்ச நீதிமன்றம் நிரப்பும் என்று ஒரு வரி சேர்ப்பது எந்த ஆணையத்தைவிடவும் மலிவு.

கையில் இருக்கும் பணமும் அரசியல் ஆதரவும் ஒரே ஒரு வேலைக்குத்தான் போதும் என்றால், நிதிப் புலனாய்வுப் பிரிவிலிருந்து தொடங்குவேன். இன்றைய ஆட்சி அந்தத் தகவலைப் பயன்படுத்தாமல் போகலாம். ஆனால் அறிக்கைகள் முதல் நாளிலிருந்தே சேரும், அவற்றை அழிப்பதைக் குற்றமாக்கிவிட்டால் அடுத்து வரும் ஆட்சிக்கு அவை அப்படியே கிடைக்கும். மலேசியாவில் 2018க்குப் பிறகு வழக்கு அவ்வளவு வேகமாக நகர்ந்ததற்கு, முந்தைய ஆண்டுகளின் வங்கித் தடயங்களும் விசாரணைக் கோப்புகளும் ஏற்கெனவே இருந்தது ஒரு முக்கியக் காரணம். அப்புறம் சிவில் பறிமுதல் சட்டம், அதன் பிறகு தனி விசாரணை அமைப்பும் அதன் வழக்கறிஞர்களும். நீக்கும் விதிகளை மட்டும், எந்த அமைப்பாக இருந்தாலும், முதல் நியமனத்துக்கு முன்பே எழுதிவிட வேண்டும். தலைவராக யார் வரப்போகிறார் என்று தெரியாத அந்தக் காலத்தில்தான் எல்லாக் கட்சிகளும் அதற்கு ஒப்புக்கொள்ளும்.